டி டிரைவில் இருந்த மயில்

எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டருக்குக் காய்ச்சல் வந்த வருஷம் நான் ஆறாம் வகுப்பு முடித்திருந்தேன். காய்ச்சல் என்று சொன்னது அம்மா. மாமா அதை வைரஸ் என்றார். அப்பா இரண்டு பேர் சொன்னதையும் கேட்டுக்கொண்டு, "எதுவா இருந்தாலும் ஒட்டுறதுதான?" என்று ஒரு கேள்வி மட்டும் கேட்டார், மாமாவும் ஆமாம் என்று தலையாட்டினார். பிறகு நடந்தது எல்லாம் அந்தக் கேள்வியால் நடந்ததுதான்.

இன்றைக்குக் கம்ப்யூட்டர் என்றால் நீங்கள் மடியில் வைக்கிறீர்கள், பைக்குள் போடுகிறீர்கள். எங்கள் வீட்டில் இருந்தது அப்படிப்பட்டது இல்லை. பழைய டிவி மாதிரிப் பின்பக்கம் துருத்திக்கொண்டு ஒரு பெட்டி, அதற்குத் துணையாகச் சிபியு என்று இன்னொரு பெட்டி. சிவகாசியில் ஓர் அச்சகத்தில் புது கம்ப்யூட்டர்கள் வாங்கியபோது பழையதைக் கழித்துக் கட்டினார்கள். அப்பா அதில் ஒன்றை வாங்கி, லேபிள் கட்டு ஏற்றி வரும் ஆட்டோவிலேயே ஏற்றி, எங்கள் ஊர் நாரணாபுரத்துக்குக் கொண்டுவந்தார். மடியில் வைத்துத் தாங்கிக்கொண்டே வந்ததில் இரண்டு நாள் அப்பாவுக்குத் தொடை வலி.

அது அக்காவுக்காக வந்த கம்ப்யூட்டர். அக்கா பன்னிரண்டாம் வகுப்பு முடித்துவிட்டுச் சிவகாசிக்கு டிடிபி வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தாள். படத்தையும் எழுத்தையும் கம்ப்யூட்டரில் அடுக்கி அச்சுக்குத் தயார் செய்யும் வேலைதான் டிடிபி. பட்டாசுப் பெட்டிமேல் லேபிள் பார்த்திருப்பீர்கள். அதை யாரோ ஒருவர் உட்கார்ந்து வரைந்திருக்கிறார் என்பது நமக்கு நினைவில் இருக்காது. பெட்டியைப் பிரித்ததும் தூக்கிப் போட்டுவிடுவோம்.

ஓர் அச்சக முதலாளி அக்காவிடம் ஒரு பரீட்சை மாதிரி வைத்திருந்தார். புஸ்வாணப் பெட்டிக்கு ஒரு லேபிள் செய்துகொண்டு வர வேண்டும். பிடித்திருந்தால் ஒண்ணாந்தேதியிலிருந்து வேலை. திங்கட்கிழமை காலை பத்து மணிக்குள் கொண்டுவந்துவிட வேண்டும். சீசன் ஆர்டர் வந்து குவிகிற நேரம், அதற்கு மேல் காத்திருக்க மாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். வேலை கிடைக்கவில்லை என்றால், அக்கா அம்மாவோடு பட்டாசுக் கம்பெனி வேனில் ஏறிப் பாக்கெட் போடும் வேலைக்குப் போவது என்று வீட்டில் பேச்சு. வேன்காரரிடம் அம்மா ஓர் இடமும் சொல்லிவைத்துவிட்டாள்.

அக்கா மூன்று வாரம் உட்கார்ந்து ஒரு மயில் வரைந்தாள். மயில் தோகை விரித்து நிற்கும். அந்தத் தோகைதான் புஸ்வாணம். ஒவ்வொரு இறகும் ஒரு பொறி. மயிலின் கழுத்தை மட்டும் நாலு நாள் அழித்து அழித்து வரைந்தாள். சாயங்காலம் வேலை முடிந்து வந்ததும் அப்பா அவளுக்குப் பின்னால் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து பேப்பர் படிப்பார். பேப்பரின் பக்கம் வெகுநேரம் திரும்பாமலே இருக்கும்.

இனி என் பங்குக்கு வருகிறேன்.

கம்ப்யூட்டர் வந்த அன்றே மாமா ஒரு கட்டளை போட்டிருந்தார். வெளியாள் சிடி எதையும் உள்ளே போடக் கூடாது. மாமா என்றால் அம்மாவின் தம்பி. திருத்தங்கலில் ஒரு பிரவுசிங் சென்டரில் வேலை பார்த்தார், அதனால் எங்கள் குடும்பத்தில் கம்ப்யூட்டர் விஷயத்தில் அவர் சொல்லுக்கு மறுசொல் கிடையாது. அப்பா அந்தக் கட்டளையை இன்னொரு முறை என் முகத்தைப் பார்த்துச் சொன்னார்.

அடுத்த தெருப் பையன் ஒருவன் கார் ரேஸ் சிடி ஒன்றை இரவல் கொடுத்தான். அக்கா வகுப்புக்குப் போன ஒரு மத்தியானம் அதை உள்ளே போட்டேன். சிடியைத் திருப்பிக் கொடுத்த பிறகும் விளையாட வேண்டுமே என்று அதை அப்படியே கம்ப்யூட்டருக்குள் ஏற்றிக்கொண்டேன். டி டிரைவில் அக்காவின் மயில் இருந்த ஃபோல்டருக்குப் பக்கத்திலேயே இன்னொரு ஃபோல்டர் போட்டு, யாருக்கும் சந்தேகம் வரக் கூடாது என்று 'அறிவியல்' எனப் பெயர் வைத்தேன். பள்ளிக்கூடத்தில் அறிவியலில் நான் வாங்கும் மதிப்பெண்ணைத் தெரிந்தவர்களுக்கு அந்தப் பெயரே சந்தேகத்தைக் கொடுத்திருக்கும்.

பத்து நாள் எல்லாம் சரியாக இருந்தது. பதினோராம் நாளிலிருந்து கம்ப்யூட்டர் ஒரு புது வழக்கத்தை ஆரம்பித்தது. போட்டதும் ஒரு சின்னக் கட்டம் வரும். இன்னும் ஒரு நிமிஷத்தில் அணையப் போகிறேன் என்று சொல்லும். அறுபது, ஐம்பத்தொன்பது, ஐம்பத்தெட்டு என்று எண்ணிக்கொண்டே வந்து, சொன்னபடி அணைந்துவிடும். அப்பா பட்டாசுக் கம்பெனியில் போர்மேன். அவர் ஒருமுறை அதை நின்று பார்த்துவிட்டு, "திரி பத்த வச்ச மாதிரில்ல எண்ணுது" என்று இரண்டு அடி பின்னால் போய் நின்றார்.

அக்காவின் லேபிள் உள்ளே மாட்டிக்கொண்டது. ஒரு நிமிஷத்துக்குள் அதை வெளியே எடுக்க முடியவில்லை.

மாமாவுக்குச் சொல்லி அனுப்பினோம். ஞாயிற்றுக்கிழமை காலை வந்து எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாக ஓஎஸ் போடுகிறேன் என்றார். ஓஎஸ் என்பது கம்ப்யூட்டரை ஓட்டும் அடிப்படைச் சரக்கு. அது கெட்டால் பெட்டி வெறும் பெட்டிதான். அக்கா பயப்படவில்லை. அழிக்கும்போது சி டிரைவைத்தான் அழிப்பார்கள், டி-யில் கை வைக்க மாட்டார்கள் என்று அவளுக்கு வகுப்பில் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். அன்று காலை அவளுக்கு டிடிபி பரீட்சை. மத்தியானம் வரும்போது தோழியிடம் ஒரு பென்டிரைவ் இரவல் வாங்கிவந்து, மயிலை அதில் ஏற்றிக்கொள்ளலாம் என்ற தைரியத்தில் கிளம்பிப் போய்விட்டாள்.

மாமா ஒன்பது மணிக்குப் பளபளவென்று ஒரு சட்டையில் வந்து இறங்கினார். கையில் ஒரு சிடி. நேராக உள்ளே நுழையப் போனவரை அப்பா வாசலில் மறித்தார்.

"மாப்ள, சட்ட என்ன துணி?"

"பாலியஸ்டர் மச்சான். சரக்கு நல்லாருக்கா?"

"கழட்டு."

மாமா சிரித்தார். அப்பா சிரிக்கவில்லை. பட்டாசுக் கம்பெனியில் வெடிமருந்து கலக்கும் ஷெட்டுக்குள் பருத்தித் துணியோடுதான் போக வேண்டும். மற்ற துணி உடம்பில் உரசினால் கண்ணுக்குத் தெரியாமல் ஒரு மின்சாரம் ஏறும், சின்னப் பொறி போதும். அதனால் ஷெட் வாசலில் தரையோடு இணைத்த ஓர் உலோகத் தகடு இருக்கும், அதைத் தொட்டு உடம்பில் இருப்பதை இறக்கிவிட்டுத்தான் உள்ளே கால் வைப்பார்கள். செருப்பு வெளியே. செல்போன் வெளியே. உள்ளே நாலு பேருக்கு மேல் கூடாது. கதவுகள் எல்லாம் திறந்திருக்க வேண்டும். அப்பா அன்றைக்கு எங்கள் வீட்டு முன்னறையை அப்படி ஒரு ஷெட் ஆக்கிவிட்டார்.

"ஓஎஸ் போடத்தான வரச் சொன்னீக? வெடி போடவா வரச் சொன்னீக?" என்றார் மாமா, சட்டையைக் கழற்றிக்கொண்டே.

"கரண்டு இருக்குல்ல? போயி அடிபம்பத் தொட்டுட்டு வா."

எங்கள் வீட்டில் உலோகத் தகடு இல்லை. ஆனால் பூமிக்குள் எண்பது அடி இறங்கிய இரும்புக் குழாய் இருந்தது. மாமா அப்பாவின் பருத்திப் பனியனைப் போட்டுக்கொண்டு, வெறுங்காலோடு போய் அடிபம்பைத் தொட்டுவிட்டு வந்தார். நானும் தொட்டேன். அம்மா தண்ணீர் கொடுக்க உள்ளே வந்தாள், அவளையும் அப்பா திருப்பி அனுப்பித் தொட்டுவிட்டு வரச் சொன்னார்.

"கோயிலுக்குப் போனாக்கூட இம்புட்டு சுத்தபத்தமா போனதில்ல உங்கப்பா" என்றாள் அம்மா. மூலையில் ஒரு வாளி மணலைப் பார்த்ததும், "இது எதுக்கு, கம்ப்யூட்டருக்குப் பசிச்சா அள்ளிப் போடவா?" என்று இன்னொன்றும் சேர்த்துக்கொண்டாள். வேலை முடியும் வரை மிக்சி ஓடக் கூடாது என்று அப்பா சொன்னதில் ஏற்கெனவே அவளுக்குக் கோபம். அன்றைக்குத் துவையல் அம்மியில்தான் அரைபட்டது.

மாமா சிபியு பெட்டியைத் திறந்து தூசி தட்டும்போது மட்டும் மெதுவாகச் சொன்னார். "சும்மா சொல்லக் கூடாது மச்சான். பெட்டியத் திறக்குமுன்ன இரும்பத் தொடணும்னு எங்க புக்குலயும் போட்டிருக்கு. எவனும் தொடுறதில்ல." அப்பா ஸ்டூலில் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

சிடி சுழன்றது. திரை நீலமாகி வெள்ளை எழுத்துகள் வந்தன. சி என்று ஒரு வரி, டி என்று ஒரு வரி. மாமாவின் விரல் கீபோர்டு மேல் நின்றது.

"மச்சான், வழக்கமா சி-ய மட்டும்தான் அழிப்போம். ஆனா இந்த வைரஸ் டி-லயும் ஒளிஞ்சிருக்கும் போலத் தெரியுது. அங்கேருந்து மறுபடி வந்தாலும் வரும். என்ன செய்ய?"

"சி-ன்னா என்ன, டி-ன்னா என்ன?"

"ரெண்டு ரூம்பு மாதிரி. சி-ல கம்ப்யூட்டரோட சாமான். டி-ல நம்ம சாமான்."

"ரெண்டுக்கும் இடையில எம்புட்டு தூரம்?"

மாமா முழித்தார். "தூரம்லாம் இல்ல மச்சான். ஒரே தட்டுதான். நடுவுல ஒரு கோடு."

"கோடா?"

"கோடுதான்."

அப்பா எழுந்து திரைக்குப் பக்கத்தில் போய் அந்த இரண்டு வரிகளையும் பார்த்தார். "கோட்டுக்கு இங்கிட்டு தீ, அங்கிட்டு மருந்து. இப்பிடி ஒருத்தன் ஷெட்டு கட்டுனான்னா எங்கன போனாலும் லைசென்ஸ் குடுக்க மாட்டாக மாப்ள. ஒரு ஷெட்டுக்கும் அடுத்த ஷெட்டுக்கும் நாங்க எம்புட்டு எடம் விட்டுக் கட்டியிருக்கோம். கோடு போட்டா தீ நிக்குமா?"

"இது தீ இல்லயே மச்சான்."

"ஒட்டுறதுதான்னு நீதான சொன்ன? கெட்டுப்போன மருந்துல நல்லதப் பொறுக்கி எடுக்கக் கூடாது. பொறுக்க உக்காந்தவன் எந்திரிச்சதில்ல. ரெண்டையும் அழிச்சிரு."

அது அப்பாவின் தொழிலில் பெரிய விதி. அந்த விதியால்தான் அவருடைய ஷெட்டில் அத்தனை வருஷமாக ஒருவருக்கும் விரல்கூடச் சுடவில்லை. அந்த விதியை அன்று அவர் எங்கள் வீட்டு முன்னறையில் ஒரு மயில்மேல் போட்டார். மயில் அங்கே இருப்பது அவருக்குத் தெரியாது. அக்கா வகுப்புக்குப் போகும்போதெல்லாம் கையில் ஒரு சிடி கவர் இருக்கும், லேபிள் அதில் இருக்கிறது என்று நினைத்திருந்தார்.

மாமா இருந்தாலும் ஒருமுறை கேட்டார். "டி-ல முக்கியமா எதும் இருக்கான்னு பாத்துக்கிருவமா? திறந்து பாக்கவும் வழி இருக்கு."

அப்பா என் பக்கம் திரும்பினார். "ஏலே, நீயும் அக்காவுந்தான இதுல உக்காருவீக. டி-ல என்ன இருக்கு?"

திறந்து பார்த்தால் மயிலுக்குப் பக்கத்தில் அறிவியல் இருக்கும். அறிவியலைத் திறந்தால் பதினான்கு கார்கள் இருக்கும்.

"பாட்டுதான்" என்றேன்.

மாமா விரலை அழுத்தினார்.

ஒரு மஞ்சள் பட்டை இடது பக்கத்திலிருந்து மெல்ல மெல்ல நகர்ந்தது. முதலில் எனக்கு நிம்மதியாக இருந்தது. அக்காதான் தினமும் அழித்து அழித்து வரைகிறாளே, இன்னொரு தரம் வரைவாள் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். பட்டை பாதி தாண்டியபோது அந்தச் சமாதானம் நிற்கவில்லை. அப்போதாவது சொல்லியிருக்கலாம். இனிமேல் சொன்னாலும் பாதி மயில்தானே மிச்சம் இருக்கும் என்று நினைத்து அதையும் விட்டுவிட்டேன்.

அக்கா ஒரு மணிக்கு வந்தாள். கம்ப்யூட்டர் புதிதாகப் பிறந்தது போல இருந்தது. திரையில் நீல வானம், பச்சைப் புல்மேடு. எங்கள் பக்கத்தில் மே மாதம் அந்த மாதிரிப் பச்சையைக் காலண்டரில்தான் பார்க்கலாம். அக்கா கையில் இரவல் வாங்கிய பென்டிரைவ். நின்றபடியே மவுஸைப் பிடித்து இரண்டு முறை அழுத்தினாள். மறுபடியும் அழுத்தினாள்.

"மாமா, டி காலியா இருக்கு."

"சுத்தமாத் தொடச்சாச்சு தாயி. ஒரு பூச்சி கிடையாது."

"என் மயிலு அதுலதான் இருந்துச்சு."

மாமா பனியனைப் பிடித்து இழுத்துவிட்டுக்கொண்டார். "நான் கேட்டேன்ல மச்சான்" என்று தொடங்கினார்.

"நாந்தான் அழிக்கச் சொன்னேன்" என்றார் அப்பா. என்னிடம் கேட்டதையோ நான் சொன்னதையோ அவர் சொல்லவில்லை. நான் மணல் வாளிக்குப் பக்கத்தில் நின்று மணலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அம்மா அடுப்படியிலிருந்து வந்தாள். அக்காவின் முகத்தைப் பார்த்துவிட்டு, "சரி விடு. வேன்ல எடம் சொல்லித்தான வச்சிருக்கு" என்றாள். ஆறுதலாகத்தான் சொன்னாள். அதைக் கேட்டதும்தான் அக்காவுக்குக் கண் நிறைந்தது.

"வேனப் பத்தி இப்பப் பேச வேண்டாம்" என்றார் அப்பா. "மாப்ள, அந்தப் படம் போடுற சாமானும் அழிஞ்சிருச்சா?"

"அதும் போச்சு மச்சான். எங்க சென்டர்ல சிடி இருக்கு."

"போயி எடுத்துட்டு வா. சாப்புட்டுப் போ. இல்ல, வந்து சாப்புடு."

மாமா பனியனோடேயே பைக்கை எடுத்துக்கொண்டு திருத்தங்கலுக்குப் பறந்தார். திரும்பி வந்து எல்லாம் போட்டு முடிக்க இரண்டரை மணி ஆகிவிட்டது. அக்கா உட்கார்ந்தாள். வெள்ளைத் திரை. மூன்று வாரம் செய்ததை ஒரு சாயங்காலத்துக்குள் செய்ய வேண்டும். அவள் கை மவுஸ்மேல் இருந்தது, நகரவில்லை.

"எங்க இருந்து ஆரம்பிச்சேன்னே மறந்துபோச்சுப்பா."

அப்பா ஸ்டூலை முன்னால் இழுத்தார். "கழுத்துல இருந்து ஆரம்பிச்ச. மொத நா எடது பக்கம் திரும்பியிருந்துச்சு. பொறவு வலது பக்கம் மாத்துன. அலகு கொஞ்சம் மேல பாத்திருக்கும். தோகையில உள் வரிசைக்குப் பன்னெண்டு எறகு, வெளி வரிசைக்குப் பதினெட்டு. வெளி வரிசையில கடேசி ரெண்டு மட்டும் சின்னது, எடம் பத்தலன்னு சுருக்குன."

அக்கா திரும்பி அப்பாவைப் பார்த்தாள். "நீங்க பேப்பரத்தான படிச்சீக?"

"பேப்பர்ல என்ன இருக்கு. தெனம் ஒரே சேதி" என்றார் அப்பா.

பிறகு அவள் கை ஓட ஆரம்பித்தது. அப்பா சொல்லச் சொல்ல மயில் ஒவ்வொரு பாகமாகத் திரும்பி வந்தது. முந்தைய மாதிரியே வராத இடமும் இருந்தது. தோகைக்கு வந்தபோது, பழையபடி ஈர்க்குச்சி அடுக்கியது போல நேர்நேராகப் பொறிகளை இழுத்தாள். அப்பா கொஞ்ச நேரம் பார்த்தார்.

"அப்பவே சொல்லணும்னு நெனச்சேன். படிச்ச புள்ள, நம்ம என்ன சொல்றதுன்னு விட்டுட்டேன்."

"சொல்லுங்கப்பா."

"புஸ்வாணம் இப்பிடி நேரா நிக்காது தாயி. கீழ ஒடுங்கி வரும். மேல போயி விரியும். விரிஞ்ச பொறி ஒடனே விழாது. அங்கன கொஞ்சம் நின்னு, யோசன பண்ணிட்டுத்தான் விழும். நிக்கிற எடத்துல வெள்ள. விழுற எடத்துல மஞ்ச. தரைக்கு வரும்போது செவப்பு."

அக்கா எல்லா இறகுகளையும் அழித்தாள். அப்பா கையால் காற்றில் வளைத்து வளைத்துக் காட்டினார், அவள் அந்த வளைவைத் திரையில் பிடித்தாள். மாமா உள்ளங்கையில் சோற்றை உருட்டியபடி வாயைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தார். விளக்கு வைக்கும் நேரத்தில் மயில் நின்றது. அது பழைய மயிலைவிட நன்றாக இருப்பது எனக்கே தெரிந்தது. அதனால் நான் செய்தது சரியாகிவிட்டதா என்று யோசித்துப் பார்த்தேன். இல்லை என்றுதான் பட்டது. அன்றைக்கு நான் சாப்பிட்டது துவையல் நல்லாயில்லை என்று அம்மா நினைக்கும் அளவுக்குத்தான்.

மறுநாள் அப்பா லீவு போட்டார். சீசன் வேலை ஓடும்போது போர்மேன் லீவு போடுவது எங்கள் பக்கத்தில் நடக்காத காரியம். பைக்கில் முன்னால் டேங்கின்மேல் நான், பின்னால் பென்டிரைவைக் கைக்குட்டையில் முடிந்து வைத்துக்கொண்டு அக்கா. அச்சகத்துக்குள் அவள் போனதும் நானும் அப்பாவும் எதிரே டீக்கடையில் நின்றோம். உள்ளே மெஷின் ஓடும் சத்தம் ரோடு வரைக்கும் கேட்டது.

அப்பா டீ வாங்கினார், குடிக்கவில்லை. டீயின்மேல் ஆடை கட்டியது.

"நாந்தான் அவசரப்பட்டுட்டேன்லே" என்றார். என்னிடம்தான் சொன்னார், ஆனால் கண் அச்சக வாசலில் இருந்தது. "ஷெட்டுல இத்தன வருசமா ஒரு தப்பு பண்ணல. வீட்டுல பண்ணிட்டேன். உங்கக்காவுக்கு இது கிடைக்கலன்னா, அவ வேன்ல ஏறுற அன்னிக்கு நான் எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு நிப்பேன்?"

அப்பா தப்பு செய்தேன் என்று சொல்லி நான் அதுவரை கேட்டதில்லை. அடி வாங்கினால்கூட அப்படி வலித்திருக்காது.

"அப்பா, மயிலு டி-ல இருக்குன்னு எனக்குத் தெரியும்."

அப்பா திரும்பினார்.

"தெரிஞ்சேவா பாட்டுன்னு சொன்ன?"

"கேம் சிடி நாந்தான் போட்டேன். அதும் டி-ல இருந்துச்சு. மாமா திறந்து பாத்தா தெரிஞ்சிரும்னு..."

அடி விழும் என்று கன்னத்தைத் தயாராக வைத்திருந்தேன். அப்பா கிளாஸை பெஞ்சில் வைத்துவிட்டு, என் உயரத்துக்குக் குனிந்தார்.

"வேற?"

"வேற ஒண்ணுமில்லப்பா."

"வேற எதும் சொல்லாம வச்சிருக்கியா?"

"இல்லப்பா."

"நெசமா வேற இல்லயே?"

மூன்றாவது தடவை தலையை மட்டும் ஆட்டினேன். அவர் முகத்தில் கோபம் இல்லை. வேறு என்னவோ இருந்தது, அது என்னவென்று எனக்குப் பிடிபடவில்லை. நிமிர்ந்து, ஆறிப்போன டீயை ஒரே மடக்கில் குடித்தார்.

"கேட்டப்ப சொல்லல. கேக்காதப்ப சொல்லிட்ட. சரி" என்றார். "அக்காகிட்டயும் நீயேதான் சொல்லணும்."

அக்கா வெளியே வந்தபோது மணி பதினொன்று. வேகமாகவும் வராமல், மெதுவாகவும் வராமல், நடக்கத் தெரியாதவள் போல ரோட்டைக் கடந்தாள்.

"மயிலு சுமார்தானாம்பா. பொறி யாரு சொல்லிக் குடுத்தான்னு கேட்டாக. இத்தன வருசமா லேபிள் அடிக்கிறோம், பொறி விழுறத ஒருத்தனும் இப்பிடி வரையலன்னாக." அப்புறம்தான் முக்கியமானதைச் சொன்னாள். "ஒண்ணாந்தேதி வரச் சொல்லிட்டாக."

அப்பா தலையை ஆட்டினார். பிறகு என் முதுகில் ஒரு விரலால் தட்டினார். நான் அக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் என் காதைப் பிடித்து, திருகிய திருகில் நான் அடிபம்பு மாதிரிக் கத்தினேன். "அறிவியலாம்ல அறிவியல்" என்று இன்னொரு சுற்றுத் திருகினாள். ஆனால் பாதியில் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

பல வருஷம் கழித்து நானும் ஒரு சீசன் அப்பாவின் ஷெட்டில் வேலை பார்த்தேன். ஒருநாள் எங்களில் ஒருவன் அளவு மாற்றிப் போட்டுவிட்டு, "அண்ணாச்சி, தப்பாப் போட்டுட்டேன்" என்று அந்த நிமிஷமே சொன்னான். அப்பா அவனைத் திட்டவில்லை. நாலு பேரையும் வெளியே அனுப்பினார், மருந்தை நனைத்தார், அவனுக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்தார். இன்னொருவன் ஒரு சின்ன விஷயத்தை மறைத்தான், ஒன்றும் ஆகவில்லை. அவனை அன்றே வீட்டுக்கு அனுப்பிவிட்டார், அப்புறம் ஷெட்டுக்குள் விடவே இல்லை. "தப்பு பண்ணுறவன்கூட வேல பாக்கலாம்லே. சொல்லாதவன்கூட பாக்க முடியாது" என்றார். டீக்கடையில் குனிந்து மூன்று முறை 'வேற?' என்று கேட்ட முகம் என்ன முகம் என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது.

ஆனால் நான் சொல்ல வந்தது அந்தத் திங்கட்கிழமையைப் பற்றித்தான்.

அன்று சாயங்காலம் அப்பா எங்கள் எல்லாரையும் பஸ்ஸில் விருதுநகருக்குக் கூட்டிப் போனார், அந்த ஊருக்குப் பேர்போன எண்ணெய்ப் பரோட்டா சாப்பிட. மாமாவும் பளபளச் சட்டையோடு வந்து சேர்ந்துகொண்டார். முதல் தட்டை எடுத்துக்கொண்டு வந்த ஆள் அக்கா முன்னால் வைக்கப் போனார். அப்பா, "மொதல்ல இவனுக்கு வைங்க" என்று என்னைக் காட்டினார்.

"வேல எனக்கு, பரோட்டா இவனுக்கா?" என்றாள் அக்கா.

"பண்ணுன வேலைக்கு இவனுக்குப் பட்டினியில்ல போடணும்" என்றாள் அம்மா.

அப்பா சால்னாக் கிண்ணத்தை என் பக்கம் தள்ளி வைத்தார். நான் சின்னவன், எனக்குப் பசிக்கும் என்று அப்படிச் செய்கிறார் என எடுத்துக்கொண்டேன். இல்லாவிட்டால், அக்காவுக்கு வேலை கிடைத்த சந்தோஷத்தில் என் தப்பு அப்பாவுக்கு மறந்தே போயிருக்க வேண்டும். இரண்டில் ஒன்று என்று முடிவு செய்துவிட்டு, அவருக்கு அது நினைவு வருவதற்குள் முடித்துவிட வேண்டும் என்று அவசர அவசரமாகச் சாப்பிட்டேன்.